திருகியும் நகராத ஸ்கூட்டரும் உச்சிப்புளிப் பட்டறையும்

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் எரிந்துவிட்டது, மாற்றுவதற்கு 8,400 ரூபாய் ஆகும் என்று ஓரிடத்தில் எழுதிக் கொடுக்கப்பட்ட என் மின்ஸ்கூட்டரை, உச்சிப்புளியில் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஒரு சிறு பட்டறையில் 650 ரூபாய்க்குச் சரிசெய்து வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. அந்தப் பட்டறைக்குப் பெயர் கிடையாது. "பேட்டரி வண்டி பழுது பார்க்கப்படும்" என்று நீல வண்ணத்தில் எழுதிய தகரப் பலகை ஒன்றுதான் அடையாளம். ராமேசுவரம் தீவிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் இத்தகைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், அங்கே பழுது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும், அதே வண்டியோடு இரண்டாம் முறை நான் அங்கே போய் நிற்க நேர்ந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் வண்டி பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படாத வகையைச் சேர்ந்தது. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்ற விதிக்கு உட்பட்டுச் செய்யப்படும் இவ்வகை வண்டிகள் பல பெயர்களில் விற்கப்பட்டாலும், உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான். இருக்கைக்கு அடியில் ஐந்து 12 வோல்ட் பேட்டரிகள், பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார், இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கண்ட்ரோலர், கைப்பிடியில் ஆக்சிலேட்டர். பாம்பனில் குடியிருந்துகொண்டு மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்கு, நாள்தோறும் இரண்டு முறை பாலத்தைக் கடக்க இது போதுமானதாகவே இருந்தது. 1988-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கும் சற்று நீளமானது. நடுவில் கப்பல் போகும் வழிக்காக மேடாக எழும்பியிருக்கிறது. எதிர்க்காற்று வலுத்தால் அந்த மேட்டில் வண்டி திணறும். ஆனால் ஏறாமல் நின்றதில்லை.

கார்த்திகை மாத மழையில்தான் கோளாறு தொடங்கியது. காலையில் சாவியைப் போட்டால் டிஸ்பிளே எரியும், முகப்பு விளக்கு எரியும், ஹாரன் ஒலிக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் மட்டும் சக்கரத்தில் அசைவே இருக்காது. இரண்டு மூன்று முறை சாவியை அணைத்துப் போட்ட பிறகு சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது. அதே வண்டி நண்பகலில் வெயிலில் நின்றுவிட்டு வந்தால் ஒரு குறையுமின்றி ஓடும். பேட்டரிகளை மாற்றி எட்டு மாதமே ஆகியிருந்தபோதிலும், பேட்டரிதான் குளிரில் சோர்ந்துவிடுகிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, இரவில் கூடுதல் நேரம் சார்ஜரில் போட்டு வைத்தேன். பாம்பனில் எங்கிருந்து வரும் குளிர் என்று என் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலை, பாலத்தின் மேட்டை எட்டுவதற்குச் சற்று முன்னால், ஓடிக்கொண்டிருந்த வண்டி இரண்டு முறை வெட்டி இழுத்துவிட்டு இழுவையை முழுவதுமாக இழந்தது. விளக்கு எரிந்தபடியே இருந்தது. வலப்புறமிருந்து வாடைக்காற்று தள்ள, பேட்டரிகளின் கனத்தோடு வண்டியை மண்டபம் முனை வரை தள்ளிக்கொண்டு போனேன். விளக்கு எரிவதால் பேட்டரி பக்கம் குறையில்லை என்று வழியில் நின்று ஆலோசனை சொன்னவர்களும், விளக்கு எரிகிறது என்பதற்காக நம்பிவிடாதே என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பின்னவர்கள் சொன்னதே சரி என்பது எனக்குப் பின்னால் புரிந்தது. விளக்கும் ஹாரனும், 60 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் தனிப் பெட்டியொன்றின் வழியாக மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குகின்றன. ஆகவே அவை இயங்குவதை வைத்துப் பேட்டரியைப் பற்றியோ மோட்டார் பக்கத்தைப் பற்றியோ எதுவும் சொல்லிவிட முடியாது.

வண்டியை விற்ற நிறுவனத்தின் சேவை மையத்துக்குத்தான் முதலில் கொண்டுபோனேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்பது நாட்கள் அங்கேயே நின்றது. பத்தாம் நாள் தொலைபேசியில் அழைத்து, கண்ட்ரோலர் எரிந்துவிட்டதாகவும், தண்ணீர் புகுந்ததால் வாரண்டியில் வராது என்றும் சொன்னார்கள். எதை அளந்து அப்படி முடிவு செய்தீர்கள் என்று நேரில் போய்க் கேட்டதற்கு, "மாத்திப் பார்த்தாத்தான் சார் தெரியும்" என்ற பதில் கிடைத்தது. மாற்றிப் பார்த்த பிறகும் ஓடாவிட்டால் பணம் திரும்புமா என்று கேட்டேன். பொருத்திய பாகத்தைத் திரும்ப எடுக்க இயலாது என்றார்கள். 8,400 ரூபாய் எனக்குப் பெரிய தொகைதான் என்றாலும், தொகையைவிட அந்தப் பதில்தான் என்னை அங்கிருந்து கிளப்பியது. பரிசோதனைக் கட்டணம் 500 ரூபாயைக் கட்டி, ஜாப் கார்டில் அவர்கள் கூறிய காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒரு குட்டி யானையில் வண்டியை ஏற்றினேன். வாரண்டி குறித்து வாதாட வேண்டியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கும்போது இந்த ஜாப் கார்டுதான் கையில் இருக்க வேண்டும் என்பதால், எதை விட்டாலும் அதை விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளிப் பட்டறையை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அந்தக் குட்டி யானையின் ஓட்டுநர். ஓலைச் சார்ப்புக்குக் கீழே ஒரு மர மேசை, சுவரில் மாட்டிய வயர் கட்டுகள், பழைய சக்கர மோட்டார்கள் நான்கைந்து, ஒரு மல்டிமீட்டர், இவ்வளவுதான் பட்டறை. நடத்துபவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். முன்பு விசைப்படகுகளில் மின்வேலை பார்த்ததாகச் சொன்னார். அருகிலுள்ள கடற்படை விமானத்தளத்திலிருந்து ஏதாவது மேலே பறந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஓசை அடங்கும் வரை காத்திருந்து பேசுகிறார். ஒலியைக் கேட்டுப் பழுது அறிய வேண்டியிருப்பதால் அந்தப் பழக்கம் வந்திருக்கும் போலும்.

அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்விகளைத்தான் கேட்டார். ஓடாத வேளையில் பின்னால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததா? டிஸ்பிளேயில் நிறுத்த நிலையைக் காட்டும் 'பி' என்ற எழுத்து அணைந்ததா? சைடு ஸ்டாண்டு முழுவதும் மேலே ஏறியிருந்ததா? தள்ளிவிட்டால் மோட்டார் பிடித்துக்கொள்கிறதா, அல்லது அப்போதும் பிடிக்கவில்லையா? காலையில் மட்டுமா, எப்போதுமா? வாட்டர் சர்வீஸ் எப்போது செய்தீர்கள்? ஒன்பது நாள் வண்டியை வைத்திருந்த இடத்தில் இவற்றில் ஒன்றைக்கூட என்னிடம் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். காலையில் மட்டும் என்றதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "அண்ணே, எரிஞ்சுபோன கண்ட்ரோலருக்குக் காலையும் தெரியாது, மதியமும் தெரியாது" என்றார்.

அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் உள்ள காரணங்களை வண்டி வைத்திருப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. பிரேக்கைப் பிடித்ததும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி கண்ட்ரோலருக்குச் சொல்வது, பிரேக் நெம்பிக்குள் இருக்கும் ஒரு சிறு சுவிட்ச். அது ஒட்டிக்கொண்டால், நாம் பிரேக்கைத் தொடாதபோதும் வண்டி தான் பிரேக் பிடிக்கப்பட்டிருப்பதாகவே எண்ணிக்கொண்டு நிற்கும். பெரும்பாலான வண்டிகளில் அப்போது பின்விளக்கு அணையாமல் எரிந்து இதைக் காட்டிக்கொடுக்கும். சைடு ஸ்டாண்டு சென்சாரும், நிறுத்தப் பொத்தானும் இதே போலத்தான், தவறுதலாக வண்டி பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஆக்சிலேட்டரை முடக்கி வைப்பவை. குட்டி யானையில் ஏற்றி வரப்பட்ட ஒரு வண்டியை 'பி' பொத்தானை அழுத்தி ஓட்டிக் காட்டிவிட்டு, காசு வாங்காமல் அனுப்பிய கதையை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். என் வண்டியில் இவை மூன்றும் சரியாகவே இருந்தன. சரியாக இருந்ததாக அன்று தோன்றியது என்பதே பொருத்தம்; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பேட்டரிச் சோதனை சுருக்கமாக முடிந்தது. ஐந்தையும் சும்மா அளந்ததோடு விட்டுவிடாமல், ஒவ்வொன்றுக்கும் சில வினாடிகள் சுமை கொடுத்து அளந்தார். ஓய்வில் 12.7 வோல்ட் காட்டும் பேட்டரி, சுமை ஏறியதும் 10-க்குக் கீழே சரிந்தால் அந்த ஒன்றே மற்ற நான்கையும் கவிழ்த்துவிடும் என்பது அவர் விளக்கம். அப்படிப்பட்ட வண்டிகள் விளக்கெல்லாம் எரிந்து, திருகியதும் அப்படியே அணைந்து போகும். என்னுடையதில் ஐந்தும் நின்றன.

அடுத்து, வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, இருக்கைக்கு அடியில் உள்ள, பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார். சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. கண்ட்ரோலருக்குள் மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் மாஸ்ஃபெட்கள் எரிந்து ஒட்டிக்கொண்டிருந்தால், மோட்டாரின் சுருள்கள் ஒன்றோடொன்று இணைந்துபோய், சக்கரத்தைச் சுற்றும்போது யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல் கட்டைகட்டையாகத் தடுக்கும். அந்தத் தடை இல்லாததால் மட்டும் கண்ட்ரோலர் முழுக்க நலமாக உள்ளது என்று சொல்லிவிட முடியாது என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். ஆனால் ஒரு ரூபாய் செலவில்லாமல், அரை நிமிடத்தில், 8,400 ரூபாய்க் கணிப்பின் மீது நியாயமான ஐயத்தை எழுப்பும் இந்தச் சோதனையை அந்தச் சேவை மையம் செய்து பார்த்திருக்கலாம்.

உண்மையான கோளாறு ஆக்சிலேட்டர் வயரில் இருந்தது. அதை அவர் கண்டுபிடித்த முறைக்காகத்தான் இந்த மதிப்புரையே. மின்ஸ்கூட்டரின் ஆக்சிலேட்டரில் பெட்ரோல் வண்டியைப் போல இழுக்கும் கேபிள் இல்லை. கைப்பிடிக்குள் ஒரு சிறு காந்தமும், அதன் நெருக்கத்தை உணரும் ஹால் சென்சாரும் உள்ளன. மூன்று வயர்கள் வெளியே வருகின்றன: சிவப்பில் கண்ட்ரோலரிலிருந்து ஏறக்குறைய 5 வோல்ட் வரும், கறுப்பு திரும்பும் வழி, மூன்றாவது சமிக்ஞை வயர். கைப்பிடியைத் தொடாதபோது சமிக்ஞை வயரில் 0.8 முதல் 1 வோல்ட் வரை இருக்கும்; முழுக்கத் திருகினால் மூன்றரைக்கு மேல் ஏறும். எவ்வளவு திருகியிருக்கிறோம் என்பதைக் கண்ட்ரோலர் அறிவது இந்த ஒற்றை எண்ணைக் கொண்டுதான்.

அவர் முன்பக்க உறையைக் கழற்றி, கனெக்டரைப் பிரிக்காமலேயே அதன் பின்புறமாக மல்டிமீட்டர் ஊசியை நுழைத்து, கண்ட்ரோலர் பக்கத்தில் அளந்தார். தொடாமல் இருக்கும்போதே 1.6 வோல்ட். முழுக்கத் திருகினால் 2.3-ஐத் தாண்டவில்லை. ஆக்சிலேட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லி 600 ரூபாய்க்குப் புதிது மாட்ட இதுவே போதுமான சாக்கு. நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவர் கனெக்டரைப் பிரித்து, மேசையில் இருந்த தனி 5 வோல்ட் மின்சாரத்தைக் கைப்பிடிக்குக் கொடுத்து மறுபடியும் அளந்தார். இப்போது 0.85-இல் தொடங்கி 3.6 வரை, திருகத் திருகச் சீராக ஏறியது. அப்படியானால் கைப்பிடியிலும் குறையில்லை, கண்ட்ரோலரிலும் குறையில்லை. இரண்டையும் சேர்க்கும், கட்டைவிரல் நகம் அளவுள்ள பிளாஸ்டிக் கனெக்டரில்தான் குறை. அதை வெளிச்சத்தில் காட்டினார். ஊசிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சிவப்பு வயரின் ஊசி ஏறக்குறைய அரித்தே போயிருந்தது. உப்பு ஈரம் பட்ட இரண்டு ஊசிகளுக்கு நடுவே மின்னழுத்தம் இருந்தால், நேர்முனையில் இருக்கும் ஊசிதான் முதலில் கரையும்.

கனெக்டருக்குள் இருந்த உப்பீரம் சிவப்பு வயரிலிருந்து சமிக்ஞை வயருக்குக் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட, ஓய்வு நிலை மேலே ஏறியது. களிம்பு சமிக்ஞை ஊசியில் தடையாக நிற்க, உச்ச நிலை கீழே இறங்கியது. சாவி போடும் கணத்திலேயே சமிக்ஞை உயர்ந்திருந்தால், கைப்பிடி திருகப்பட்ட நிலையில் வண்டி உயிர்பெறுகிறது என்று கருதி, பாய்ந்துவிடாமல் இருக்கக் கண்ட்ரோலர் மோட்டாரை இயக்க மறுத்துவிடும். அதாவது எரிந்துபோனதாக எழுதிக் கொடுக்கப்பட்ட கண்ட்ரோலர், அதுவரை தன் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தது. காலையில் ஓடாமல் நண்பகலில் ஓடியதற்கும் இதே காரணம்தான்: காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினாலே சாதாரண உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும், கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிட வறண்ட காற்றிலும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் நின்ற வண்டியில் அந்த ஈரம் உலர்ந்து கசிவு குறைந்ததும் எல்லாம் சரியானது போல் தோன்றியிருக்கிறது. இரவெல்லாம் சார்ஜரில் போட்டு நான் பேட்டரிகளைப் படுத்தியதுதான் மிச்சம்.

வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே கிடக்கும் எங்கள் நிலத்தில் வாடையடித்தாலும் உப்பு, கச்சான் அடித்தாலும் உப்பு. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபம் முகாமில் ஒரு நிலையமே வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். இப்படியிருக்க, 'ஐ.பி. 67' என்ற முத்திரையைக் காட்டி, தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி வண்டியை விற்கிறார்கள். அந்தத் தரச் சோதனை ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் மூழ்க வைத்துப் பார்ப்பது. ஆண்டுக்கணக்கில் படியும் உப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மேலும் என் வண்டியில் அந்த முத்திரை மோட்டாரின் மேல்தான் இருக்கிறது. முன்பக்க உறைக்குள் ரப்பர் காப்புக்கூட இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த கனெக்டருக்கு எந்த முத்திரையும் இல்லை.

பழைய கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, களிம்பு உள்ளே ஏறியிருந்த அளவுக்கு வயரையும் வெட்டினார். செப்பு இழைகள் கறுத்திருந்தால் பளபளக்கும் இடம் வரும்வரை வெட்ட வேண்டும், கறுத்த இழையில் ஈயம் ஒட்டாது என்றார். விசைப்படகு விளக்குகளுக்குப் போடும் ரப்பர் வளையம் வைத்த கனெக்டரைப் பொருத்தி, சால்டரிங் செய்த இடங்களில் உள்ளே பசை தடவிய சுருங்கும் குழாயை மாட்டிச் சூடேற்றினார். சக்கரம் எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கண்ட்ரோலருக்குச் சொல்லும், மோட்டாருக்குள் உள்ள ஹால் சென்சார்களின் கனெக்டரையும் பிரித்துப் பார்த்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றியபடி மூன்று வயர்களிலும் மின்னழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குகிறதா என்று சோதித்தார். அவற்றில் ஒன்று அசையாமல் நின்றால் வண்டி கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுக்கும் அல்லது கிளம்பாமலே நடுங்கும். அங்கே களிம்பு தொடங்கியிருந்ததே தவிர அரிக்கவில்லை. சுத்தம் செய்து கிரீஸ் வைத்து மூடினார். சோதிக்க 200, கனெக்டர்களுக்கு 150, வேலைக்கு 300. பாலத்தின் மேட்டில் அன்று மாலை வண்டி பழைய வேகத்தில் ஏறியது.

இங்கே முடிந்திருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு ஓய்ந்திருப்பேன். பதினோராம் நாள், இரவெல்லாம் பெய்த மழைக்குப் பிறகு, அக்காள்மடத்துக்கு ஒரு வேலையாகப் போன இடத்தில் வண்டி மறுபடியும் நகர மறுத்தது. இந்த முறை நான் பின்னால் போய்ப் பார்த்தேன். பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்ததும், இடது பிரேக் நெம்பியை நாலைந்து முறை விரலால் தட்டிப் பார்க்கச் சொன்னார், பலனில்லை. பிறகு எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, நெம்பியிலிருந்து வரும் இரண்டு வயர் கனெக்டரை அடையாளம் சொல்லிப் பிரிக்கச் செய்தார். விளக்கு அணைந்தது, வண்டி ஓடியது. சக்கரத்தை நிறுத்தும் டிரம் பிரேக் கம்பியால் இயங்குவதால் அதற்குப் பாதிப்பில்லை என்றாலும், அந்த நிலையில் இடது பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் துண்டிக்கப்படாது, பின்விளக்கும் எரியாது. எனவே ஆக்சிலேட்டரை முழுக்க விட்ட பிறகே பிரேக்கைப் பிடிக்க வேண்டும், நேரே பட்டறைக்கு வந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். அந்தக் கனெக்டரைப் பிரித்தே வைத்து ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது ஆபத்து.

முதல் முறையே அவர் பிரேக் சுவிட்சுகளைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் மேல் எனக்குள்ள குறை. ஒரே காற்றில், ஒரே கைப்பிடியில், ஓரடி இடைவெளியில் இருக்கும் ஒன்று அரித்திருந்தால் மற்றதும் அரித்திருக்கும் என்று எண்ண அவருக்குத் தெரியாமல் இல்லை. அன்று பின்விளக்கு எரியவில்லை என்பதோடு அவர் நிறைவடைந்துவிட்டார். இதை நேரில் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. இரண்டு பிரேக் சுவிட்சுகளையும் மாற்றி, சுவிட்சின் விலையாக 160 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

வேறு சில குறைகளும் உண்டு. சொன்ன நேரத்தில் வேலை முடியாது. மாலை என்றால் மறுநாள் காலை என்று வைத்துக்கொள்ள வேண்டும். ரசீது கேட்டால் நோட்டுத் தாளில் எழுதித்தான் தருவார், அதைக் கொண்டு எந்த நிறுவனத்திடமும் உரிமை கோர முடியாது. உட்கார ஒரு பெஞ்சுதான், அதிலும் பாதி இடத்தில் சார்ஜர்கள் கிடக்கும். வாரண்டி இன்னும் மிச்சமிருக்கும் புது வண்டியை இங்கே பிரித்தால் அந்த வாரண்டி போய்விடக்கூடும் என்பதை அவரே முதலில் எச்சரித்துவிடுகிறார். அத்தகைய வண்டிக்கு நிறுவனத்தின் சேவை மையமே வழி. லித்தியம் பேட்டரிப் பெட்டியைத் திறக்கவே மாட்டார். நான் இருந்தபோது ஒருவர் எவ்வளவோ கேட்டும் மறுத்து, வண்டியைத் தொடாமல் திருப்பி அனுப்பினார். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். ஓலைச் சார்ப்புக்குக் கீழே லித்தியம் செல்களைப் பிரிக்காமல் இருப்பதை நான் அவருடைய நல்ல பண்புகளில் சேர்க்கிறேன்.

வாட்டர் சர்வீஸ் பற்றி அவர் முதலிலேயே கேட்டது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். கடலுக்குப் போய்வந்ததும் படகின் வெளிப்பொருத்து எஞ்சினுக்குள் நன்னீர் ஓடவிட்டு உப்பைக் கழுவுவது எங்கள் கரையில் எல்லோருக்கும் பழக்கம். அதே நினைப்பில் நான் மாதம் இருமுறை ஸ்கூட்டரை அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கொடுத்துவந்தேன். எஞ்சின் அப்படிக் கழுவப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. ஸ்கூட்டரின் கனெக்டர்கள் அப்படி இல்லை. மேலே படிந்திருந்த உப்பைக் கரைத்து, அந்த உப்புத் தண்ணீரை அழுத்தத்தோடு கனெக்டர்களுக்குள் ஏற்றிவிட்டவன் நானேதான். இப்போது ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. சக்கரத்தையும் அடிப்பகுதியையும் மட்டும் குவளைத் தண்ணீரால் கழுவுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்பக்க உறையைக் கழற்றி, கனெக்டர்களுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்ந்த பின் மின்கடத்தாக் கிரீஸ் வைக்க அவர் 250 ரூபாய் வாங்குகிறார். வாடை தொடங்குமுன் ஐப்பசியில் ஒருமுறையும், கச்சான் தொடங்குமுன் சித்திரையில் ஒருமுறையும் வந்தால் போதும் என்பது அவர் கணக்கு.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். ராமநாதபுரத்திலிருந்து வருவோர் உச்சிப்புளிக் கடைத்தெருவைத் தாண்டியதும் இடப்புறம் தகரப் பலகையைப் பார்க்கலாம். காலை ஒன்பதரைக்கு முன் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை பகலில் தொழுகைக்காக அடைத்திருக்கும். வண்டி காலையில் மட்டும் மக்கர் செய்தால், வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்விடுங்கள். உலர்ந்த பிறகு போனால் கோளாறு அவர் கண்ணுக்குத் தென்படாது. வண்டியோடு சார்ஜரையும் எடுத்துச் செல்லுங்கள். நான் முதல் முறை எடுத்துப் போகாததால், அதற்காகவே பாம்பனுக்குப் பேருந்தில் போய்வர வேண்டியிருந்தது.